ஆம்பளைக்கு நாற்பது நிமிஷம்

அண்ணன் செத்த அன்று பொண்டாட்டி சொன்ன ஒரு வார்த்தையை கம்ப்ரசர் ஒன்பது வருஷமாக உள்ளேயே வைத்திருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "நீங்களே இடிஞ்சு போனா எப்படிங்க? போய் ஆம்புலன்ஸுக்குச் சொல்லுங்க" என்றாள். போனான், சொன்னான், நாலு இடத்தில் கையெழுத்துப் போட்டான். திரும்பி வந்து பார்த்தால், அவள் அண்ணியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவனுக்கு அழுகிற நேரம் தாண்டிப் போயிருந்தது.

வேறு யாராவது சொல்லியிருந்தால் மறந்திருப்பான். அழுகிறவர்களை எதிரே உட்காரவைத்துக் கேட்பதுதான் அவளுக்கு வேலையே. மனநல ஆலோசகர். இவன் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக். எப்போதும் உறுமிக்கொண்டே இருப்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் கம்ப்ரசர். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். கல்யாணமான புதிதில், "என் வீட்டுக்காரி கவுன்சிலர்" என்று பெருமையடிக்கப் போய், "எந்த வார்டுப்பா?" என்று கேட்டு மானத்தை வாங்கிவிட்டார்கள்.

தினமும் சாயந்திரம் அவளைக் கூப்பிட ஆலோசனை மையத்துக்கு ஸ்கூட்டரில் போவான். வெளியறையில் அஞ்சு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் கேன், சாத்திய கதவு. அந்தக் கதவைப் பார்த்துப் பார்த்தே அவன் கணக்குப் பிடித்துவிட்டான். பெண்கள் உள்ளே போனால் ஒரு மணி பத்து நிமிஷம். கண் வீங்கி, முகம் தெளிந்து வெளியே வருவார்கள். ஆம்பளைக்கு நாற்பது நிமிஷம். வரும்போது கையில் ஒரு தாள் இருக்கும். என்னென்ன செய்யவேண்டும் என்ற பட்டியல். அந்தத் தாளைப் பார்த்தால் கம்ப்ரசருக்கு அற்ப சந்தோஷம். 'உனக்கும் ஆம்புலன்ஸ்தானா, வா தம்பி' என்று நினைத்துக்கொள்வான். பெண்களைப் பார்த்துத்தான் வயிறு எரியும். ஆனாலும் பழகிப்போயிருந்தது.

அந்த லாரி டிரைவர் வந்து அதையும் கெடுத்தான். எதிர்சாரியில் லாரியை நிறுத்திவிட்டு உள்ளே போனவன் ஒன்றரை மணி நேரம் கழித்து, மலை மாதிரி உடம்பைத் தூக்கிக்கொண்டு, சட்டைக் கையில் மூக்கைத் துடைத்தபடி வந்தான். கையில் தாள் இல்லை. அடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரம் கம்ப்ரசர் முன்கூட்டியே போய், ஒரு கோளாறும் இல்லாத ஏசியை வெளியறையில் கழற்றிப் போட்டு உட்கார்ந்தான். ஒட்டுக் கேட்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை விக்கி விக்கி அழுவது கேட்டது. அவள் குரலே கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கிறாள்! அதுதான் இவனைப் பொசுக்கியது.

வீட்டுக்கு வந்து, அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தான்.

"யாரு அந்த லாரிக்காரன்?"

"அங்க வர்றவங்களைப் பத்தி வீட்ல பேசமாட்டேன்னு தெரியும்ல?"

"பேச வேணாம். அவனுக்கு மட்டும் என்ன ஒண்ணரை மணி நேரம்?"

"பொறாமையா?"

"ஆமாடி, பொறாமைதான். கம்ப்ரசர் சூடாயிடுச்சு, போதுமா?"

அவள் சிரிக்கவில்லை. மடித்த துணியைக் கீழே வைத்தாள். "அவங்க கதையைச் சொல்ல மாட்டேன். என் கதையைச் சொல்றேன்" என்றாள்.

மாசம் ஒருமுறை அவளும் அவளைப் போன்ற ஆலோசகர்களுமாக ஆறு பேர் கூடுவார்களாம். போன முறை, வந்தவர்களின் பெயர், வயசு, தொழில் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு, தாங்கள் கேட்ட கேள்விகளை மட்டும் வாசிக்கச் சொன்னார்களாம். வந்தது ஆணா பெண்ணா என்று மற்றவர்கள் சொல்லவேண்டும்.

"என்னோடது இருபத்திரண்டு பேர். இருபத்தொண்ணு கரெக்டா சொல்லிட்டாங்க. 'மனசுக்கு எப்படி இருந்துச்சு'ன்னு கேட்டிருந்தா பொம்பள. 'சரி, அடுத்து என்ன பண்ணப்போறீங்க'ன்னா ஆம்பள. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன். உங்க பின்னாடி வண்டியில வரும்போது சிரிப்பு நின்னுபோச்சு."

"அந்த இன்னொண்ணு?"

"அழத் தெரியாத ஒரு பொண்ணு. அவளையும் ஆம்பளை மாதிரி வேலை குடுத்து விரட்டியிருக்கேன்."

நாற்பது நிமிஷத்தில் தான் அனுப்பி வைத்தவர்களை மறுபடி கூப்பிட்டு, தப்பு என்மேல்தான், இன்னொரு தடவை உட்காரலாமா என்று கேட்டாளாம். சிலர் வந்தார்களாம்.

"எல்லாருக்கும் போன் போட்டே, சரி," கம்ப்ரசரின் குரல் உடைந்தது. "இந்த வீட்ல ஒருத்தன் நாற்பது நிமிஷம்கூடக் கிடைக்காம உட்கார்ந்திருக்கானே, அவனுக்கு?"

அவளுக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவை அவன்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. ஒன்பது வருஷமாக இவன் சுமந்தது, சொன்னவளுக்கு ஞாபகத்திலேயே இல்லை! கேட்டு முடித்ததும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மெதுவாக, "அப்போ உங்க மனசுக்கு…" என்று தொடங்கினாள்.

"வேணாம். அந்தக் குரலை அங்க வர்றவங்களுக்கே வெச்சுக்க."

"அதுவும் சரிதான். தப்புப் பண்ணினவளே பஞ்சாயத்துக்கு உட்காரக் கூடாது. உங்களுக்கு நான் கவுன்சலிங் பண்ணவும் கூடாது. வேற இடத்துல எனக்குப் பழக்கமில்லாத ஒருத்தர் இருக்கார். ஆம்பளைதான், உங்களுக்கு வசதியா…" சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பாத்தீங்களா? மறுபடியும் நானே முடிவு பண்றேன். நீங்க சொல்லுங்க. யார்கிட்ட பேசணும் உங்களுக்கு?"

இதுவரை யாரும் இவனிடம் இப்படிக் கேட்டதில்லை. உறுமினான். தலையைச் சொறிந்தான்.

"ஒரு பொம்பளைகிட்ட" என்றான் கடைசியில். "கொஞ்சம் சும்மா உட்காரத் தெரிஞ்சவங்களா."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று ஓடி மறைந்தது. வேறொருத்தி முன்னால் இவன் அழப்போகிறான். அது என்ன எரிச்சல் என்று கம்ப்ரசருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொஞ்சம் இனித்தது, கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

"சரி, விசாரிச்சுச் சொல்றேன்" என்றாள். அப்புறம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆனா எனக்காக ஒண்ணு பண்ணுங்க. அங்க போய் என்னை விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு நடுவுல நிறுத்திடாதீங்க. என்னைப் பத்தி இருக்குற குறையெல்லாம் ஒண்ணு விடாமச் சொல்லிட்டு வாங்க."