அம்சம் அக்காவின் கம்ப்யூட்டர் யாருக்கும் கிடையாது

நன்னிலத்தில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அம்சம் அக்காவுடையது. ஒரே கூரையை இரண்டு வீடாகப் பிரித்து நடுவில் ஒரு சுவர் வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் அவள் கொழுந்தன் இராஜாங்கம். அக்கா புருஷன் ரெங்கசாமி இறந்து காரியம் முடிந்த மறுநாளே, "அண்ணிக்கு எதுக்கு இது?" என்று கேட்டு மோட்டார் சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனவர் அவர். அப்புறம் மருந்தடிக்கும் மெஷின் போனது. அப்புறம் விதைநெல் போட்டு வைக்கும் தகர டிரம். அதே கேள்விதான் எல்லாவற்றுக்கும். நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டபோதுதான் அக்கா முதன்முதலாக வாயைத் திறந்தாள். "நானே நட்டுக்குறேன் தம்பி" என்றாள். நட்டாள், அறுத்தாள். அதிலிருந்து இராஜாங்கத்துக்கு அவளைக் கண்டால் ஆகாது.

அக்காவுக்கு இருக்கும் ஒரே சொகுசு சினிமா. மகள் வானதி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகுமுன் ஹாலில் டிவியோடு ஒரு கம்ப்யூட்டரை மாட்டி, அது நிறையப் பழைய படங்களைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அக்காவுக்கு இடது காது கேட்காது. இருக்கிற ஒரு காதை வைத்துக்கொண்டு வசனம் வசனமாக ரசிப்பாள். மத்தியானம் சமைத்து, பாத்திரம் விளக்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு உட்கார்ந்தால் படம் முடியாமல் எழுந்திருக்க மாட்டாள். பொம்பளை பட்டப்பகலில் படம் பார்க்கிறாளே என்று தெருவே பேசியது. அதே நேரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆம்பளைகளைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை.

இந்த வருஷம் குறுவை அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல்லை ஹாலில் கொட்டி, மேலே ஃபேன் போட்டுக் காய வைத்தோம். அதற்கப்புறம்தான் கம்ப்யூட்டர் கத்த ஆரம்பித்தது. முதலில் முனகல், பிறகு கடகடவென்று ஒரு நடுக்கம். அந்தச் சத்தத்தில் வசனம் அமுங்கிப் போகும். அக்கா சத்தத்தைக் கூட்டினால் இராஜாங்கம் அந்தப் பக்கமிருந்து சுவரைத் தட்டுவார். குறைத்தால் அக்கா காதில் கடகடப்பு மட்டும்தான் விழும். போதாததற்கு ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் பேச்சே நின்றுவிட்டது. திரையில் உதடு அசைகிறது, கீழே பெட்டி கத்துகிறது.

இராஜாங்கம் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணி, அரவை மில்லுல குடியிருக்கற மாதிரி இருக்கு. நாளைக்கு ஆட்டோ சொல்லியிருக்கேன். திருவாரூர்ல நம்ம அறிவுச்செல்வன் வீட்டுல கொண்டு போட்டுடுறேன்."

அறிவுச்செல்வன் அவர் மகன்.

"போடுறதுக்கா, வச்சுக்கிறதுக்கா?" என்றாள் அக்கா.

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணி. ஓடாத சாமான் உங்களுக்கு எதுக்கு?"

அவர் போனதும் அக்கா நேரே என் அடுப்படிக்கு வந்தாள்.

"குந்தவை, ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

"இருக்கு. யாரைக் குத்தப் போற?"

"மொதல்ல கம்ப்யூட்டர. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

வானதியை வீடியோ காலில் கூப்பிட்டு, செல்லைச் சாமான் அலமாரியில் சாய்த்து வைத்தோம். பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள், பிடுங்கினோம். மூடியைக் கழற்றினால் உள்ளே பாதிக் களத்துமேடு இருந்தது. நெல்லுத் தூசியைப் பெயிண்ட் பிரஷால் தட்டிக் கூட்டி அள்ளினேன். மறுபடி போட்டுப் பார்த்தோம். முனகல் குறைந்தது, கடகடப்பு போகவில்லை.

"உள்ள இருக்கற ஃபேனக் கிட்ட காட்டும்மா" என்றாள் வானதி.

அக்கா பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் காட்டினாள்.

"அந்த எறக்கையில என்னம்மா மஞ்சளா?"

அக்கா சுரண்டி மோந்து பார்த்தாள். "சந்தனம்."

"அங்க எப்படிம்மா சந்தனம் போச்சு?"

"நாந்தான் வச்சேன். ஆயுத பூஜைக்கு அருவா, மம்பட்டி, மோட்டார், மிக்ஸி எல்லாத்துக்கும் பொட்டு வைக்கிறோம், இதுக்கு மட்டும் வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்? பின்னால வட்டமா இருந்துச்சு. அதான் மொகம்னு நெனச்சுக் கம்பி இடுக்குல வெரல விட்டு வச்சேன்."

வானதி சிரித்த சிரிப்பில் செல்லில் படமே ஆடியது. "ஒரு பக்கம் மட்டும் கனமா இருந்தா தள்ளாடித்தான்ம்மா சுத்தும். இனிமே வைக்காத."

"வைப்பேன். பொட்டிக்கு வெளியில வைப்பேன். என் வீட்டுல ஓடுற சாமானுக்கு நான் பொட்டு வைக்காம யாரு வைக்கிறது?"

காய்ந்த சந்தனத்தை ஈரத்துணியால் ஊற வைத்து, தென்னங்குச்சியால் நெம்பி எடுத்தோம். பெட்டி இருந்த பெஞ்சு சுவரை ஒட்டிக் கிடந்தது. அதனால்தான் நடுக்கம் அந்த வீடு வரைக்கும் போயிருக்கிறது. பெஞ்சை இழுத்துப் போட்டு, பழைய டிராக்டர் டியூபை நறுக்கிப் பெட்டிக்கு அடியில் கொடுத்தோம். எல்லாம் உலர்ந்த பிறகு பிளக்கைச் சொருகினோம். ஓடுகிறதா என்று நான் கையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பேச்சு மட்டும் வரவில்லை. கரண்ட் போனதில் சத்தம் டிவிக்குப் போகாமல் வேறு வழிக்கு மாறிவிட்டது என்றாள் வானதி. "கீழ வலது மூலையில ஸ்பீக்கர் மாதிரி ஒண்ணு இருக்கும்மா. அத அமுக்கு. நம்ம டிவி பேரு வருதா? அதத் தொடு." அக்கா தொட்டாள். பாதியில் நின்றிருந்த வக்கீல் ஒருத்தர் கோர்ட்டில் வாதாட ஆரம்பித்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் சொன்னபடி ஆட்டோ வந்தது. இராஜாங்கம் உள்ளே வந்தபோது அக்காவும் நானும் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து பெட்டியில் காதை வைத்தார்.

"இதுலயா ஓடுது?"

"அதுலதான்."

நிமிர்ந்தார். மனுஷன் வெட்கப்படுவார் என்று நினைத்தேன். எங்கே?

"நல்லாத்தான் ஆயிடுச்சு. அப்ப அறிவு வீட்டுக்கு ரொம்ப உபயோகமா இருக்கும் அண்ணி. புள்ளைங்க படிக்கும்."

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"கெட்டுப் போனாலும் உங்களுக்கு, நல்லாருந்தாலும் உங்களுக்கு. எனக்கு எப்ப தம்பி?"

"என்ன அண்ணி இது, வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு..."

"படம் பாக்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் முறுக்கைக் கடித்தேன்.

"வெளியில ஆட்டோ நிக்குது அண்ணி."

"வெறுமன போகச் சொல்லுங்க. இல்லன்னா நீங்க ஏறிக்குங்க. இந்த வீட்டுலேருந்து இனிமே ஒரு துரும்பும் போகாது."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வாசலிறங்கினார். ஆட்டோ கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் பேசியதில் படத்தில் இரண்டு வசனம் விட்டுப்போயிருந்தது. அக்கா படத்தைப் பின்னால் ஓட்டி, அந்த இடத்திலிருந்து மறுபடி போட்டாள்.