அடையாறிலிருந்து ராயப்பேட்டைக்கு மான் ரத்தத்துடன் எட்டு கிலோமீட்டர்

லடாக் போனேன், லாவோஸ் போனேன் என்று நீங்கள் எல்லாரும் படம் போடுகிறீர்கள். போடுங்கள் மருமக்களே, மாமா பொறாமைப்படவில்லை. ஆனால் பூமி உருண்டையில் மனிதன் கடந்த எட்டு கிலோமீட்டர்களிலேயே மிக நீளமானதைக் கடந்தவன் நான்தான் என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன். கையில் பிளாஸ்க், பிளாஸ்க்குக்குள் மான் ரத்தம், பக்கத்தில் மனைவி. மூன்றில் எது அதிக ஆபத்து என்பது போகப்போகத் தெரியும்.

போன வாரம் உறவுக்காரப் பெண் ஒருத்தி, காட்டு விலங்குகளைப் பற்றிப் படிப்பவள், ரத்தம் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களை ஐஸில் வைத்து ஊருக்குள் எடுத்துப்போக யோசனை கேட்டு எழுதியிருந்தாள். அவளைப் போன்றவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. பயணம் நடந்தது 1976, மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில்.

தி.நகரில் எங்கள் அப்பாவுக்குத் துணிக்கடை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து போட்ட கடை. அதன் பட்டத்து இளவரசன் நான். அதாவது, விரித்துக் காட்டிய புடவைகளைத் திரும்ப மடிக்கிறவன். கோமதியை மணந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் விலங்கியலில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கிண்டிக் காட்டுப் புள்ளிமானின் ரத்தத்தில் பயம் எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பது அவள் வேலை. பதறினால் உடம்பு ஒரு ஹார்மோனை ரத்தத்தில் இறக்கிவிடுமாம். லாரியும் ரயிலும் இரைகிற பட்டணத்து நடுவே இருக்கும் மான் நிம்மதியாக மேய்கிறதா, நித்தமும் பதறிக்கொண்டு மேய்கிறதா என்பது கேள்வி. நிம்மதியாகத்தான் இருக்கிறது என்பது கோமதியின் கட்சி.

பன்னிரண்டு மான்களிடம் ரத்தம் எடுக்க அனுமதி. பதினொன்று முடிந்துவிட்டது. பதினொன்றிலும் ஹார்மோன் கூரையைப் பிய்த்துக்கொண்டு நின்றது. புலி வாயில் பாதி உடம்பு போன மானுக்குக்கூட அவ்வளவு வராது. செய்முறையில் எங்கோ ஓட்டை இருக்கிறது, பன்னிரண்டாவதும் இப்படியே வந்தால் வேறு தலைப்பைப் பார் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லிவிட்டார். இரண்டு வருட உழைப்பு. கோமதி பிளாஸ்க்கைச் சந்தேகித்தாள், ஐஸைச் சந்தேகித்தாள், ராயப்பேட்டை சோதனைக்கூடத்துத் தண்ணீரைக்கூடச் சந்தேகித்தாள். என்னை மட்டும் சந்தேகிக்கவில்லை.

அன்று காலை 6.40க்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். சந்தை வாசலில் ஐஸ் முக்கால் ரூபாய். ஒட்டியிருந்த மரத்தூளைக் கழுவி, நொறுக்கி, எங்கள் கல்யாணத்துக்கு வந்த பிளாஸ்க்கில் அடைக்கப் பத்து நிமிடம் ஆனது. 7.05க்குப் பேருந்து, அடையாறுக்குத் தலைக்கு முப்பது காசு, அரை மணிப் பயணம். ஜன்னலோர இருக்கை கிடைத்தும் கோமதி வெளியே பார்க்கவில்லை. ஊசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குச் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாத குரலில் பேசினாள்.

"பயம் ரத்தத்துல ஏறவே மூணு நிமிஷம் ஆகும். அதுக்குள்ள எடுத்தா, நம்மளப் பாக்கறதுக்கு முன்னாடி இருந்த மான். அப்புறம் எடுத்தா, நம்மளப் பார்த்துப் பயந்த மான். பதினொண்ணுலயும் விசில் சத்தம் கேட்டு ரெண்டே நிமிஷத்துல எடுத்தேனே. எப்படிங்க ஏறிச்சு?"

என் இருதயம் கழன்று விழுந்து, இருக்கைக்கு அடியில் உருண்டு, கண்டக்டர் காலடியில் போய் நின்றது. மூன்று நிமிடத்துக்கு இதுதான் காரணம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் அவள் சொன்னது, விசில் ஊதி மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும் என்று மட்டும்தான். ஓட்டப் பந்தயம் மாதிரி ஏதோ விதி என்று நினைத்திருந்தேன்.

என் பதவியைச் சொல்லிவிடுகிறேன். காட்டுக்குள் மூங்கில் தட்டியால் ஒரு பட்டி கட்டியிருந்தோம். உள்ளே அகத்திக்கீரை. நான் பக்கத்து வேப்பமரத்தில், பட்டிக் கதவின் கயிற்றைப் பிடித்தபடி கொலுவிருப்பேன். மான் நுழைந்ததும் கயிற்றை விட்டால் கதவு இறங்கும். உடனே விசில் ஊதி, ஓட்டக் கடிகாரத்தை அழுத்த வேண்டும். மனித வாடை ஆகாதென்று கோமதி இருநூறு அடி தள்ளி ஒரு கொட்டகையில் இருப்பாள். விசில் கேட்டு ஓடி வருவாள். வனக் காவலர் முனுசாமி மானைப் பட்டியின் ஒடுங்கிய முனையில் மடக்கி, எங்கள் கடைத் துண்டுத் துணியால் கண்ணைக் கட்டிப் பிடிப்பார். அவள் கழுத்து நரம்பில் ஊசி போடுவாள். நாளில் ஒவ்வொரு நேரத்துக்கும் ஹார்மோன் மாறும் என்பதால், கதவு எப்போதும் காலை ஒன்பதுக்கு மேல்தான் திறந்திருக்கும். அவளுக்குக் கல்லூரி இல்லாத நாள் சனிக்கிழமை.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை என்ன என்பது, நாள்காட்டியில் தாள் கிழிக்கிற எந்தத் தமிழனுக்கும் தெரியும். ராகுகாலம். எங்கள் கடையில் அந்த நேரத்தில் புது மூட்டையைப் பிரிக்க மாட்டோம், புதுப் புடவையை விரிக்க மாட்டோம். வாசலில் மகாராணியே வந்து நின்றாலும் மோர் கொடுத்து உட்கார வைப்போமே தவிர கத்தரிக்கோலைத் தொட மாட்டோம். அப்படி வளர்ந்தவன், பெண்டாட்டியின் ஆராய்ச்சியையா ராகுகாலத்தில் தொடங்கி வைப்பான்? மான் நுழையும். கதவை இறக்குவேன். பத்தரை தாண்டும் வரை கிளையில் உட்கார்ந்திருப்பேன். பிறகு, சர்வ மங்களமாக, விசில். முனுசாமியும் இதற்கு உடந்தை. நல்ல நேரத்தில் எடுத்தால்தான் அம்மாவுக்குப் பட்டம் கிடைக்கும் என்பது அவர் தீர்ப்பு.

கீழே அந்த மான் அரை மணியும் ஒரு மணியும் தட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது என் கண்ணில் படாமல் இல்லை. உலாத்துகிறது என்று நினைத்தேன்.

இன்னொரு கொடுமை கேளுங்கள். பத்தரை அடித்தால் மான் வருகிறது என்று கோமதி கண்டுபிடித்து, புள்ளிமான்களின் காலந்தவறாமை பற்றி ஆய்வேட்டில் அரைப் பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதை எனக்குப் படித்தும் காட்டினாள். நான் பாராட்டினேன்.

ஆக, அன்று மரத்தில் ஏறும்போது எனக்கு வியர்த்த வியர்வையில் அடையாற்றில் வெள்ளம் வந்திருக்கும். எல்லாம் தெரிந்துவிட்டது, சொல்லத்தான் வாய் வரவில்லை. 9.12க்கு ஒரு பெண்மான் வந்தது. காதை இரண்டு தரம் ஆட்டிவிட்டு உள்ளே நுழைந்து அகத்திக்கீரையில் வாய் வைத்தது. கயிற்றை விட்டேன். கதவு இறங்கியது. விசில் வாயில் இருந்தது.

கீழே புதரோரம் முனுசாமி தலையைத் தூக்கினார். "இன்னா சார், அவசரமா? பத்தரைக்கு இன்னும் எம்மா நேரம் கீது. குந்திக்கினு இரு."

அப்பா முகம் நினைவுக்கு வந்தது. கடையில் மாட்டியிருக்கும் அத்தனை சாமியும் வரிசையாக வந்து தலையை ஆட்டினார்கள். கீழே மான் மெல்லுவதை நிறுத்தியது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, செங்கல்பட்டு வரை கேட்கும்படி ஊதினேன்.

விசிலிலிருந்து ஊசிக்கு இரண்டு நிமிடம் இருபது நொடி. விட்டதும் அந்த மான் பத்தடி ஓடி, நின்று, திரும்பி அகத்திக்கீரையைப் பார்த்ததே ஒழிய எங்களைப் பார்க்கவில்லை. கோமதி குழாயை ஐஸில் செருகியபடி, இது என்ன இன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டது என்று ஆச்சரியப்பட்டாள். முனுசாமி என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

காட்டுக்குள்ளிருந்து பேருந்து நிறுத்தம் ஒன்றேகால் கிலோமீட்டர், நடந்து பதினாறு நிமிடம். 10.05க்கு ராயப்பேட்டை வண்டி. ஒரே கூட்டம், பிளாஸ்க்கைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அடையாறு பாலத்தில் ஏறும்போது கோமதி சொன்னாள்.

"இது ஒண்ணு மட்டும் குறைச்சலா வந்தா இன்னும் மோசம். பதினொண்ணு ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இதத்தான் தப்புன்னு தூக்கிப் போடச் சொல்வாங்க."

நான் வாய் மூடியிருந்தால் என் பதினொரு பொய்மான்கள் சேர்ந்து அந்த ஒரு நிஜ மானை மிதித்துக் கொன்றுவிடும். சொல்லியே தீர வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மந்தைவெளியில் ஏறிய மாமி ஒருவர் என் தோளைத் தட்டி, "அம்பி, அது காபிதானே? ஆத்துல குடிக்காமயே கிளம்பிண்டு வந்துட்டேன், ஒரு வாய் கிடைக்குமோ?" என்றார். மான் ரத்தம் மாமி என்றேன். அதன்பிறகு எங்களைச் சுற்றி அந்தப் பேருந்தில் ஒரு தேர் ஓடும் அளவுக்கு இடம் கிடைத்தது. கூட்டத்தில் பயணம் செய்வோர் குறித்துக்கொள்ளவும்.

கிடைத்த தனிமையில், மயிலாப்பூர் குளம் வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ராகுகாலம், கதவு, கிளை, விசில், முனுசாமி. குளம் போயிற்று. லஸ் வந்தது. கோமதியும் திருநெல்வேலிப் பக்கம்தான், சென்னைக்கு வந்து நாகரிகமாகப் பேசக் கற்றுக்கொண்டவள். கோபம் வந்தால் மட்டும் தாமிரபரணி கரைபுரளும்.

"ஒவ்வொரு மானும் எத்தனை நிமிசம் நின்னுச்சுன்னு சொல்லுதீகளா, இல்ல நான் இங்கனயே இறங்கிப் போகவா?"

சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பர்ஸில் மடித்துச் சேர்த்து வைத்திருந்த பதினொரு சனிக்கிழமைகளின் நாள்காட்டித் தாள்கள். ராகுகாலத்தைச் சரிபார்க்க அன்றன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு மரமேறுவேன். கடைக்கு லாரி வந்த நேரத்தைத் தாளின் பின்பக்கம் குறித்து வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்தக் கைவாக்கில் மான் வந்த நேரத்தையும் குறித்திருந்தேன். 9.05. 9.50. 10.22. பதினொன்றும் இருந்தன. கோமதி தாள்களை மடியில் அடுக்கினாள், கலைத்தாள், முந்தி அடைபட்டது, பிந்தி அடைபட்டது என்று மாற்றி மாற்றி அடுக்கினாள். ராயப்பேட்டை வருவதற்குள் அவள் முகத்தில் கோபம் போய் வேறு ஏதோ வந்திருந்தது. அதைப் பார்த்து எனக்குப் பயம் கூடியது.

10.50க்குச் சோதனைக்கூடம். அங்கே ரத்தத்தைச் சுழலும் பொறியில் வைத்துச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கும், மேலே மஞ்சள் நீர் நிற்கும். அந்த நீரிலிருந்து ஹார்மோனைப் பிரித்து அமிலத்தில் கலந்தால் பச்சையாக மினுங்கும். மினுக்கத்தை அளந்தால் பயத்தின் அளவு. எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு கோமதி என் பக்கம் திரும்பினாள். கையில் புது ஊசி.

"கையை நீட்டுங்க."

நீட்டினேன். நீட்டாமல்?

பத்து நாளில் முடிவு வந்தது. பன்னிரண்டாவது மானின் ரத்தத்தில் பதற்றம் அடியில் கிடந்தது. மற்ற பதினொன்றையும் அவை காத்திருந்த நிமிடங்களின் வரிசையில் கோமதி வரைபடத்தாளில் புள்ளி வைத்தாள். எட்டு நிமிடம் நின்ற மான் அவற்றில் கீழே, எண்பத்தைந்து நிமிடம் நின்ற மான் மேலே, படிக்கட்டு மாதிரி ஏறிப் போயின. பட்டணம் அந்த மான்களைப் பதற வைக்கவில்லை. நான்தான் வைத்தேன், ஒவ்வொன்றையும் அளவு குறித்து. பேராசிரியர் அனுமதியை நீட்டிக்க எழுதிப்போட்டு இன்னும் ஆறு மான் வாங்கித் தந்தார். அந்த ஆறையும் ராகுகாலத்திலேயே, மூன்று நிமிடத்துக்குள் எடுத்தோம், ஆறும் அடியில். காலந்தவறாமை பற்றிய அரைப் பக்கத்தை மட்டும் கோமதி தன் கையாலேயே கிழித்தாள். பட்டம் கிடைத்தது. முனுசாமிக்கு எங்கள் கடையிலிருந்து வேட்டி போனது; ராகுகாலத்தில் பிரித்துவிடாதே சார் என்று சொல்லித்தான் வாங்கிக்கொண்டார்.

என் ரத்தம்? அந்த வரைபடத்தில் பதின்மூன்றாவதாக ஒரு புள்ளி இருக்கிறது, சிவப்பு மையில், எல்லா மானுக்கும் மேலே. அந்தப் படம் இன்றும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டி, எண்பத்தைந்து நிமிடம் அடைபட்ட மானைவிட அன்று பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பதறினான் என்று இத்தனை வருடமாகச் சொல்லிவருகிறேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. பிளாஸ்க்கில் ஐஸ் மூன்று மணி நேரம் தாங்கும். குழாயை ஐஸ் நேராகத் தொடாமல் துணி சுற்றுங்கள், உறைந்தால் ரத்தம் கெட்டுவிடும். பிளாஸ்க்கின் மேல் காபி இல்லை என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள். மூன்று நிமிடம் என்று சொன்னால் எதிலிருந்து மூன்று நிமிடம் என்று கேளுங்கள், எதற்காக என்றும் கேளுங்கள். மரத்தில் உட்காருகிறவனுக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டு ஏற்றுங்கள். நாள்காட்டித் தாளைத் தூக்கி எறியாதீர்கள்.

இதுவரை எழுதிவிட்டு, பிழை பார்க்கக் கோமதியிடம் கொடுத்தேன். நிதானமாகப் படித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னாள்.

"மனுஷனுக்குக் காலையில சாதாரணமாவே அவ்வளவு இருக்கும். மானைவிட நமக்கு எப்பவும் ஜாஸ்தி. அன்னிக்கு உங்களுக்கு ஒண்ணுமே ஏறல."

சுவரில் தொங்கும் சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள், எதற்குக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாளாம். அப்படியென்றால் அன்று பேருந்தில் நான் நடுங்கியது பொய்யா என்று கேட்டேன்.

"நடுங்கினீங்க, நான்தான் பார்த்தேனே. ஆனா நான் இறங்கிப் போக மாட்டேன்னு உங்க ரத்தத்துக்குத் தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, பிளாஸ்க்கில் காபி ஊற்றப் போனாள்.