நாற்பத்தேழாம் நம்பர்க் கிடாய்

எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் போகாத மணம் அது. ஈரக் கம்பளியும் புளித்த புல்லும் கலந்தது... பண்ணையில் வேலை முடிந்து ரெயின் ஏறினால், மெல்பேர்ன் வரும்வரை என் பக்கத்துச் சீட்டு காலியாகவே வரும்.

அவுஸ்திரேலியாவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஆட்டின் ஏப்பத்தை அளப்பது.

அம்மாவிடம் போனில் "காலநிலை ஆராய்ச்சி" என்று சொல்லியிருந்தேன். பொய்யில்லை. செம்மறி அசைபோடும்போது ஏப்பத்தோடு மீத்தேன் வாயு வெளியே வருகிறது. அது பூமியைச் சூடாக்குகிறது. ஆட்டை ஒரு பெட்டிக்குள் முக்கால் மணி நேரம் நிறுத்தி, உள்ளே சேர்ந்த காற்றை அளந்து எழுதவேண்டும். ஆடுகள் நன்றாக ஒத்துழைத்தன. உள்ளூர் அனுபவம் இருக்கிறதா என்று என்னிடம் கேட்காத ஒரே அவுஸ்திரேலியர்கள் அவைதான்.

பண்ணை டேவினுடையது. நாலு தலைமுறையாகச் செம்மறி வளர்க்கும் குடும்பம். அந்த நாட்களில், ஆட்டின் ஏப்பத்துக்கும் கட்டணம் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. மரம் நட்டு, அது உறிஞ்சும் காபனைக் கணக்குப்போட்டு விற்கும் கம்பனி ஒன்று பண்ணையை முழுதாகக் கேட்டு, பத்திரத்தோடு வந்திருந்தது.

டேவ் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்ததற்கு ஒரே காரணம், நாற்பத்தேழாம் நம்பர்க் கிடாய்.

மந்தையிலேயே மிகக் குறைவாக ஏப்பம் விட்டது அதுதான். அந்தக் குணம் குட்டிகளுக்கும் இறங்கும். அதன் பரம்பரையைப் பெருக்கினால், கட்டணம் வந்தாலும் செம்மறியோடு தாக்குப்பிடிக்கலாம் என்று டேவ் நம்பினார். "இவன் நிற்கும்வரை இங்கே மரம் நடமாட்டேன், மேட்" என்பார்.

இவ்வளவும் தெரிந்த ஒரே தமிழன் நான்.

எங்கள் ஆட்களுக்குப் பங்கு இறைச்சி தெரியும். நாலைந்து குடும்பம் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, ஈரல், எலும்பு, குடல் எல்லாவற்றையும் சமமாகப் பிரிப்பது. அதற்கு ஆட்டை உயிரோடு நிற்கும்போதே தடவிப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். அதில் கைதேர்ந்த விண்ணர் கணேசண்ணை. அகதியாக வந்து, மெல்பேர்னில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர்.

என் சிபாரிசில் டேவ் ஓர் ஆடு தரச் சம்மதித்தார். "இடது பட்டியில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளட்டும்" என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டு டவுனுக்குப் போய்விட்டார். இடது பட்டியில் விற்பனைக்கான ஆடுகள். வலது பட்டியில் என் சோதனை ஆடுகள்.

அண்ணை இடது பட்டியில் ஒவ்வொன்றின் முதுகையும் அமத்திப் பார்த்தார்.

"என்னடா தம்பி, எல்லாம் ஒரே கொழுப்பு. சட்டிக்கு எண்ணெயே தேவையில்லை."

"இதுக்குள்ளதான் ஒண்டு எடுக்கவேணும் அண்ணை. எனக்கு வேலை கிடக்கு."

"ஓம் ஓம், நீ போய் உன்ர ஏப்பத்தைப் பார்."

அரை மணி நேரத்தில் ட்ரெய்லரில் ஓர் ஆடு கட்டப்பட்டிருந்தது. "ஊர்க் கிடாய் மாதிரி, வயிறு ஒட்டி, முதுகு இறுகி... அருமையான சாமான்!" என்று கத்தினார். நான் கொட்டிலுக்குள் மீற்றரைப் பார்த்தபடியே கையைக் காட்டினேன். அவர் நேரே டவுன் கசாப்புக்கூடத்துக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை, மெல்பேர்ன் புறநகரான பொயிண்ட் குக்கில் அண்ணையின் கராஜ். நிலத்தில் விரித்த நீலத் தறப்பாள். எங்கள் வழக்கப்படி தலையையும் விடாமல் கேட்டு வாங்கி வந்திருந்தார். அதைத் தூக்கி மேசையில் வைத்தார்.

காதில் மஞ்சள் அடையாளத் தகடு. 47.

"அண்ணை... இதை எங்க பிடிச்சனீங்கள்?"

"வலப்பக்கத்தில. மற்றப் பக்கம் ஒண்டும் சரியில்லை. கம்பிக்கு எந்தப் பக்கம் நிண்டாலும் ஆடு ஆடுதானே?"

விஷயத்தைச் சொன்னேன். அண்ணை கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப, பூமியைக் காப்பாத்த வந்த கிடாயை வெட்டிப்போட்டம் எண்டுறாய்."

ஆட்டுத் தலையை ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தார். பிறகு, "சரி, பங்கைப் போடுவம். வெட்டினதை இனி ஒட்டேலாது."

திங்கட்கிழமை என்னைத் தனியே போக விடவில்லை. "பிடிச்சது நான். நான்தான் சொல்லவேணும்" என்று பஸ் யூனிஃபோமோடு பண்ணைக்கு வந்தார். டேவ் முழுவதையும் கேட்டுவிட்டு வேலிப் பக்கம் திரும்பி நின்றார். கம்பனியின் பத்திரம் அவருடைய குசினி மேசையில்தான் கிடந்தது... என் வேலை போனது என்றே நினைத்தேன்.

டேவ் திரும்பி, "இத்தனை ஆட்டில் அதை எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்று கேட்டார்.

அண்ணை தன் ஆங்கிலத்தில் விளக்கினார். "ஸ்மோல் பெலி. நோ ஃபற். ஹாண்ட் நோஸ்."

வயிறு சிறிதானால் வாயுவும் குறைவு. நான் மாதக்கணக்கில் பெட்டிக்குள் தேடியதை அவருடைய உள்ளங்கை அரை மணி நேரத்தில் பிடித்திருந்தது. என் அறிக்கையில் இதை நான் எழுதவில்லை.

நல்லகாலம், நாற்பத்தேழு அதற்கு முன்பே ஐந்து வாரம் பெட்டை மறிகளோடு நின்றிருந்தது. வசந்தத்தில் குட்டிகள் வந்தன. அவை வளர்ந்ததும், என் பெட்டிக்குள் விடுமுன் அண்ணையைக் கூப்பிட்டுத் தடவிப் பார்க்கச் சொன்னார் டேவ். அண்ணை தெரிவுசெய்தவற்றைப் பெட்டியும் பெரும்பாலும் ஆமோதித்தது. நல்ல குட்டிகளின் நம்பர்களை டேவ் கம்பனிப் பத்திரத்தின் பின்பக்கத்தில் எழுதினார்.

அந்தக் கட்டணம் இன்றுவரை வரவில்லை. பேச்சு மட்டும் வந்து வந்து போகிறது. ஆனால் கம்பளி வாங்க வருபவர்கள் இப்போது ஏப்பக் கணக்கும் கேட்கிறார்கள். டேவிடம் பதில் இருக்கிறது. செம்மறியின் காலம் முடிந்துவிட்டது என்று மேடையில் பேசுபவர்களும் குளிருக்குக் கம்பளிச் சுவெற்றர் போட்டுக்கொண்டுதான் பேசுகிறார்கள். எனக்குக் கவலையில்லை.

பங்கும் நடக்கிறது. இப்போது வட்ஸ்அப்பில் ஓர்டர். ஆட்டை டேவே தெரிவுசெய்து தருகிறார், மந்தையில் அதிகம் ஏப்பம் விடுவதைப் பார்த்து. நாங்கள் தின்னத் தின்ன மந்தை திருந்துகிறது. பூமிக்கு இதைவிடச் சேவை செய்த சமூகம் இந்த நாட்டில் இருக்கிறதா தெரியவில்லை. ஒரே கொழுப்பு என்று மட்டும் கணேசண்ணை முணுமுணுப்பார்.

டேவிடம் இன்றுவரை ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இந்த நாட்டில் நான் சாப்பிட்ட இறைச்சியிலேயே ருசியானது, அந்த நாற்பத்தேழுதான்...