பேங்குக்கு எழுதிய மொய்

அறந்தாங்கி பஸ் கண்டக்டர்தான் காலையில் சொன்னார்: "ஒங்க ஏஜெண்டு ஆரோக்கியசாமி நேத்து தவறிட்டாருங்க." எங்கள் பேங்கின் ஆவுடையார்கோவில் கிளையில் அவருக்குக் கீழே குமாஸ்தாவாக இருந்தவன் நான்; கிளை மேனேஜரை அப்போது ஏஜெண்ட் என்றுதான் சொல்வோம். அங்கே பணம் போட்ட, கடன் வாங்கிய உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு.

மீமிசல் பாக்கியத்துக்கு அவர் கடன் கொடுத்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கைச்செலவுக்கு வழியில்லாமல், கருவாட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தவர் அந்த அம்மாள். விலை ஏறும்வரை சரக்கை நிறுத்திவைக்கட்டும் என்று, கருவாட்டு மூட்டைகளையே ஈடாக வாங்கி எங்கள் பின்கட்டில் அடுக்கிவிட்டார் ஏஜெண்ட். அப்பப்பா, அந்த நாற்றம்! நான் முணுமுணுத்தேன். "நாத்தம் கருவாட்டுக்குத்தானேங்க, அந்தம்மா நாணயத்துக்கு இல்லையே," என்றார்.

பிறகு எங்கோ ஒரு பேங்க் திவாலானது. எங்களுடையதும் போய்விடும் என்று வதந்தி. போட்ட பணத்தை எடுக்க வாசலில் கூட்டம் நெருக்கியது. "கேட்டவங்களுக்கெல்லாம் குடுங்க, மொகஞ்சுளிக்காமக் குடுங்க," என்றார் ஏஜெண்ட். மதியத்துக்குள் பெட்டியில் அடி தெரிந்தது. புதுக்கோட்டையிலிருந்து வரவேண்டிய பணம் வந்து சேரவில்லை.

அப்போதுதான் பாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மடியிலிருந்த நோட்டுக்கட்டை மேசையில் வைத்தார். "எழுதுங்க. மீமிசல் பாக்கியம், மொய்."

நம் பக்கத்தில் முடைப்பட்டவர் விருந்து வைத்தால் ஊர் கூடி மொய் எழுதும். பேங்குக்கு யாராவது எழுதுவார்களா? அத்தனை நெருக்கடியிலும் ஏஜெண்ட் சிரித்துவிட்டார்.

"பேங்குக்கு மொய் வாங்கச் சட்டம் இல்லம்மா. ஒங்க கணக்குல போட்டுக்கிறேன்."

"எதுல வேணாப் போடுங்க. சோறு எங்கிட்டுப் போடுறீங்க?"

கூட்டமே சிரித்தது. கருவாட்டுக்காரிக்கு இருக்கிற நம்பிக்கை நமக்கு இல்லையா என்று யாரோ சொன்னார்கள். பாதிப் பேர் வீடு திரும்பினார்கள். கிளை தப்பியது.

உங்களுக்குத் தெரியாதது இதுதான். அன்று கதவு திறக்குமுன், முதல் ஆளாகப் பணம் எடுத்தவன் நான். தங்கை கல்யாணத்துக்குச் சேர்த்த பணம், பயந்துவிட்டேன். ஏஜெண்ட் ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் கூசிக் குறுகி அதைத் திருப்பி நீட்டினேன். "கவுண்டர் மூடியாச்சுங்க. நாளைக்கு வரிசையில வாங்க," என்றார். மறுநாள் வரிசையில் நின்று போட்டேன். கடைசிவரை அவர் இதை எவரிடமும் சொல்லவில்லை.

அந்தப் பாஸ் புத்தகம் என்னிடம் இருக்கிறது. ஒரு நாள் எடுத்தது, மறுநாள் போட்டது. இரண்டுக்கும் பக்கத்தில் அவர் கையெழுத்து, ஒரே மாதிரி.