சிரித்துவிட்ட பிணம்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவரை எல்லோரும் இஸ்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்தே முப்பத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. யாரோடும் முகம் கோணிப் பேசியதில்லை. ஒரு படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

செத்தவர்கள் எழுந்து நடந்து, ஒரு வீட்டுக்குள் அடைந்து கிடப்பவர்களை வளைத்துக்கொள்ளும் படம் அது. பெரிய கம்பெனி எதுவும் பின்னால் இல்லை. ஐந்தாறு நண்பர்கள் சேர்ந்து, இரவல் கேமராவில், கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள். கிழிந்த விரிப்பு கிடைக்குமா என்று சலவைக்கூடத்துக்கு வந்தவர்கள், பிணமாக நடக்க ஆளும் வேண்டும் என்றார்கள். அக்காவுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. தங்கைக்குப் பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை சும்மாதானே இருக்கிறோம் என்று இரண்டு பேரும் போனார்கள். தங்கை போட்டிருந்தது அக்கா தைத்துக் கொடுத்த பூப்போட்ட கவுன். டைரக்டர் அதன் இடது கையைப் பிடித்து டர்ரென்று கிழித்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாதடி, வீட்டுக்குப் போய்த் தச்சுத் தரேன்" என்றார் அக்கா.

தைத்தும் கொடுத்தார். மறுவருடமே தங்கை ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். படம் தியேட்டருக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பிணமாக நடக்கிற தங்கையைப் பார்க்க அக்காவுக்கு மனம் துணியவில்லை.

படம் முதலில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. பிறகு ஊர் ஊராகப் பரவியது. அதன்பின் வந்த பேய்ப்படங்களிலெல்லாம் செத்தவர்கள் அதே மாதிரிதான் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். தெருப் பிள்ளைகள் அப்படி நடந்து விளையாடினால் அக்கா ஜன்னலைச் சாத்திவிடுவார்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம், மருமகளோடு கடைவீதிக்குப் போனபோது தெருவை அடைத்துக்கொண்டு கூட்டம். அந்தப் படத்துக்காக வருடாவருடம் நடத்தும் ஊர்வலமாம். முகத்தில் மாவு பூசிய நூறு பேர் தள்ளாடி வந்தார்கள். அவர்களில் ஏழெட்டுப் பெண்கள் ஒரே மாதிரிப் பூப்போட்ட கவுன் போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு கை கிழிந்திருந்தது. அக்கா கூட்டத்துக்குள் நுழைந்தார்.

"இது என்ன வேஷம்மா?" என்று ஒருத்தியை நிறுத்திக் கேட்டார்.

"தெரியாதா? சிரிக்கிற பிணம்! எல்லாரும் விறைப்பா நடக்கறப்ப ஒரு பொண்ணுக்கு மட்டும் சிரிப்பு வந்துடும். உதட்டைக் கடிச்சுப் பார்ப்பா, அடங்காது. அதை வெட்டாம அப்படியே விட்டுட்டாங்க. யாருன்னுதான் யாருக்கும் தெரியல."

"என் தங்கச்சி" என்றார் அக்கா. "இடது கையிலதான் கிழிசல். நீ வலதுல கிழிச்சிருக்க."

மறுநாள் காலை மகனிடம் அவரே கேட்டுப் படத்தைப் போடச் சொன்னார். வீட்டில் தங்கையின் போட்டோ ஒன்றே ஒன்றுதான். கையைக் கட்டி நிற்கும் போட்டோ. டிவியில் அவள் நடந்து வந்தாள். உதட்டைக் கடித்தாள். சிரித்துவிட்டாள்.

"அது என்னாலதான்டா" என்றார் அக்கா. கண்ணிலிருந்து நீர் கொட்டியது, வாயோ சிரித்தது. "சாப்பாடு வர லேட்டு. 'செத்தும் பசி அடங்கலடி'ன்னு பின்னாடி நின்னு சொன்னேன்."

மருமகள் மெல்லக் கேட்டாள்: "அந்த இடத்தைத் திருப்பிப் போடட்டுமா அத்தை?"

"அப்புறம் பாத்துக்கலாம். மேல ஓடட்டும். அந்த வீட்டுக்குள்ள இருக்கறவங்க தப்பிச்சாங்களா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியாது."