நோகுது என்று சொல்லாத கை

நோர்வேயில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் ஆட்கள் நோவதற்கு முன்பே ‘ஸ்டொப்’ என்று கத்திவிடுவார்கள். வந்த புதிதில் எனக்கு அது பெரிய அதிசயம். வேலை இதுதான்: ஒருவரை மல்லாக்கப் படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் விரித்து, மணிக்கட்டைப் பின்னால் வளைத்து, முழங்கையை மெல்ல மெல்ல நிமிர்த்துவோம். கழுத்திலிருந்து விரல்வரை ஓடும் நரம்பு அப்போது இழுபடும். அது எத்தனை மில்லிமீற்றர் நகர்கிறது என்று ஸ்கேனில் அளப்போம். முதல் இழுவை தெரிந்ததும் அவர் நிறுத்தச் சொல்லவேண்டும். அந்தக் கோணத்தைக் குறித்துக்கொள்வோம். ஆறடி உயர மீன்பிடிகாரர் ஒருவர் நான் கையைத் தொட்டதுமே நிறுத்தச் சொன்னார். அதையும் மரியாதையாகக் குறித்தோம்.

முதல் வாரம் என்னைப் படுக்கவைத்துத்தான் பழக்கினார்கள். பேராசிரியை ஒவ்வொரு பாகைக்கும் “எப்படி?” என்று கேட்டார். நானும் “பரவாயில்லை” என்றுகொண்டே இருந்தேன். முழங்கை முற்றாக நிமிர்ந்துவிட்டது. விரல் நுனியெல்லாம் எரிகிறது, நான் சிரிக்கிறேன். “அருமையான நரம்பு! உங்கள் நாட்டில் எல்லோருக்கும் இப்படியா?” என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். பிறந்த மண்ணான வன்னியின் பெயரைக் காப்பாற்றிய பெருமையோடு அன்று முழுக்க ஒற்றைக் கையால் வேலை செய்தேன்.

நோவைச் சொல்லாத இந்த வியாதி எங்கள் வீட்டில் அண்ணாவுக்குத்தான் முற்றிப்போனது. சண்டையின் கடைசி மாதங்களில், வெடித்த செல்லின் துண்டு பட்ட வலது கையோடு மருந்துக்கு வரிசையில் இருந்தவன், “எனக்கு ஒண்டுமில்லை, அந்தப் பிள்ளையை முதல் பாருங்கோ” என்று சொல்லிச் சொல்லியே கடைசி ஆளானான். அந்தப் பிள்ளை பிழைத்தது; அதில் எனக்குக் கோபமில்லை. இத்தனை வருடமாகியும் இவன் அந்த வரிசையைவிட்டு வெளியே வரவில்லை என்பதில்தான் கோபம்.

இந்தமுறை விடுமுறைக்கு எங்கள் ஊர் உடையார்கட்டுக்குப் போனபோது அவன் கையிலிருந்து மண்வெட்டி நழுவி விழுவதைக் கண்டேன். பெருவிரலின் அடியில் சதை வற்றியிருந்தது. நரம்பு பழைய காயத்தின் வடுவில் ஒட்டிக்கிடக்கிறது என்று பட்டது. இப்படியே விட்டால் அந்தக் கையால் நெல் விதைக்க முடியாது. குசினி மேசையில் அவனைப் படுக்கவைத்து, அவன் மகளின் பாகைமானியை முழங்கையில் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன்.

“நோகுதோ?”

“இல்லை.”

“இப்ப?”

“இல்லையடி.”

வாய் இல்லை என்றது. தோள் காதுவரை எழும்பியது. அண்ணாவின் மனைவி சட்டியோடு வந்து நின்றா. “மச்சாள், மனுசனைக் கீழ இறக்குங்கோ. நான் மரக்கறி வெட்டவேணும்.”

மறுநாள் வவுனியாவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இளம் வைத்தியர் கையை நிமிர்த்தியபடி கேட்டார்.

“நோகுதோ அண்ணை?”

“இல்லை ஐயா.”

“இப்ப?”

“பரவாயில்லை ஐயா.”

வைத்தியரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. இன்னும் ஒரு நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று எனக்குப் பயம் பிடித்தது. “ஸ்டொப்!” என்று கத்திவிட்டேன். வெளியே வாங்கிலில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“அக்கா, கை உங்களுக்கோ, இவருக்கோ?”

“கை அவருக்குத்தான். நீங்கள் வாயை விட்டுட்டுத் தோளைப் பாருங்கோ டொக்டர்.”

பார்த்தார். முதலிலிருந்து தொடங்கினார். நரம்புச் சோதனைக்கும், தேவைப்பட்டால் சத்திரசிகிச்சைக்கும் என்று அடுத்த மாதத்தில் திகதி தந்தார். எனக்கு வெள்ளிக்கிழமை விமானம். திரும்பும் பஸ்ஸில் மாங்குளம் தாண்டியதும் அண்ணா என் பக்கம் திரும்பினான்.

“அண்டைக்கு நீ நிக்கமாட்டாய். எனக்கு ஆர் கத்துறது?”

“நீதான்.”

“எனக்கு உது வராது பிள்ளை.”

அந்த நாளும் வந்தது. நான் இங்கே நோர்வேயில் யாரோ ஒருவரின் கையை நிமிர்த்திக்கொண்டிருந்தாலும் மனம் முழுக்க வவுனியாவில்தான். இடைவேளையில் கைபேசியைப் பார்த்தேன். அண்ணா எழுதியிருந்தான்: “நோகுது எண்டு சொன்னனான். ரெண்டு தரம்.”

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என்ன நடந்தது என்று பேராசிரியை பதறி ஓடி வந்தார்.

“என் அண்ணாவுக்கு நோகிறதாம்!” என்று சந்தோசத்தில் கத்தினேன்.

அவர் முகம் வாடிப்போனது. என்னைக் கட்டிப்பிடித்து, தைரியமாக இரு, எல்லாம் சரியாகிவிடும் என்று முதுகைத் தடவினார். நான் அவர் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தேன். குலுங்குவதைப் பார்த்து, பாவம், அவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.