ஜட்கா குதிரையின் முகம்

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று சந்தாபுராவில் எனக்கு ஆறு லாரிகள். பேத்தியைப் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் நடத்தையும் நலனும் படிக்க வைப்பதும் நான்தான். நேற்று அவள் பாடத்திலிருந்து ஒரு குதிரைப் படத்தைக் காட்டினாள். காது பின்னால் சாய்ந்து, கண் பாதி மூடி, வாய் இறுகியிருந்தது.

"இது சாதுவா நிக்கல தாத்தா. வலியில நிக்குது."

தோலும் வேப்பெண்ணெயும் கலந்த வாடை எங்கிருந்தோ வந்தது. அப்பா ஓட்டிய ஜட்கா வண்டியின் வாடை. அவருக்குக் காய்ச்சல் கண்ட ஒருநாள், சிவாஜிநகரிலிருந்து அல்சூருக்கு நானே வண்டி ஓட்டினேன். எனக்குப் பன்னிரண்டு வயது. மேட்டில் குதிரை நின்றுவிட்டது. சாட்டையால் அடித்தேன், அது திருப்பி உதைக்கவில்லை.

"பாத்தீங்களா, என் கைக்கு எப்பிடி அடங்குது," என்றேன்.

"பேச்செல்லாம் அப்புறம், ஓட்டு ராஜா," என்று சவாரிக்கு ஏறியிருந்த ஒரு அம்மா சிரித்தார்.

இன்னும் இரண்டு அடி போட்டேன். முன்னங்கால் மடிந்து விழுந்தது, எழவேயில்லை. சேணத்தை அவிழ்த்தால் உள்ளங்கை அகலத்துக்குச் சீழ்ப்புண். சவாரி வருபவர்களுக்கு நாற்றம் தெரியாமலிருக்க அப்பா வேப்பெண்ணெய்த் துணியை அதில் அடைத்திருந்தார்.

இதைச் சொன்னதும் பேத்தி கேட்டாள்: "எத்தன நாளா வலிச்சிருக்கும் தாத்தா?"

"தெரியலம்மா. நான் பொறந்ததுலருந்து அதோட மூஞ்சி இந்தப் படத்துல மாதிரிதான் இருந்துச்சு. குதிரைன்னாலே இதான் மூஞ்சின்னு நெனச்சேன்."